எல்லப்பன் பூ

ஒரகடத்துப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். வல்லம் வடகாலைத் தாண்டி ரெண்டு ஏக்கர் நிலத்தைக் கம்பி வலை போட்டு அடைத்து, ஒரு விதைக் கம்பெனி செடி வளர்த்தது. ஒரு பாதியில் காகித ஆலைக்கென்று சவுக்குக் கன்று. மறு பாதியில் செண்டுமல்லி. செண்டுமல்லிக்குப் போய் இவ்வளவு காவலா என்று ஊரில் சிரித்தார்கள். உள்ளே போகும்போது மருந்துத் தண்ணீரில் காலை நனைக்க வேண்டும். வெளியே வரும்போது புடவை மடிப்பு, ரவிக்கைக் கை, கொண்டை என்று எல்லாவற்றையும் உதறிக் காட்ட வேண்டும்.

"கட்னவன் கூட இவ்ளோ தேடிப் பாத்தது இல்லடி," என்று தாயாரம்மாள் தினமும் சொல்வாள். தினமும் சொன்னாலும் தினமும் சிரிப்பார்கள்.

அங்கே வேலை செய்த ஆறு பெண்களில் கங்கம்மாளும் ஒருத்தி. முப்பத்தாறு வயசு, எட்டாவது வரை படிப்பு. பிள்ளை இல்லை. புருஷன் எல்லப்பன் ஒரகடத்தில் ஒரு பாகங்கள் செய்யும் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை பார்த்தான். தாயாரம்மாளுக்குக் கங்கம்மாள் உறவு இல்லை, ஆனால் அக்கா.

தோட்டத்துக்கு ஆபீசர் இளம்பரிதி. செய்யாற்றுக்காரர், படித்த மனுஷன், ஆனாலும் வேலைக்காரப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லித்தான் வேலை வாங்குவார்.

"பாக்க சாதாரணச் செடி மாதிரிதான் இருக்கும். இதோட மரபணுவுல ஒரு மாத்தம் பண்ணியிருக்காங்க. பறிச்ச பூ பத்து நாள், பதினஞ்சு நாள் ஆனாலும் வாடாது. நல்லதுதானேன்னு தோணும். ஆனா இதோட மகரந்தம் ஊர்ல இருக்கிற செண்டுமல்லியில கலந்தா என்ன ஆகும், தேனீக்கு என்ன ஆகும், இது களையாப் பரவுமா, எதுவும் இன்னும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் நாம இங்க இருக்கோம். தெரியற வரைக்கும் ஒரு விதை வெளிய போகக் கூடாது."

கங்கம்மாள் இதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ரெண்டு வேலை. ஒரு செடிக்கு முன்னால் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, எத்தனை தேனீ, எத்தனை வண்ணத்துப்பூச்சி வந்து போகிறது என்று கோடு போட வேண்டும். அப்புறம் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வேலிக்கு வெளியே இருநூறு மீட்டர் வட்டத்துக்குள் குனிந்தபடி நடந்து, தப்பிப்போன செடி ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கமெல்லாம் பார்த்தீனியம் காடாக மண்டிக் கிடக்கும். ரெண்டு இலை விட்ட பருவத்தில் பார்த்தீனியமும் செண்டுமல்லியும் ஒன்றுபோலவே தெரியும். கங்கம்மாள் ஓர் இலையைக் கிள்ளி நகத்தால் நசுக்கி மோந்து பார்ப்பாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

பூக்களைச் செடியிலேயே முற்றவிட்டு, பறித்து, எந்தப் பாத்தியில் எத்தனை என்று எண்ணிச் சாக்கில் கட்டி, பாத்தி நம்பர் எழுதின பிளாஸ்டிக் அட்டை மாட்டி வைப்பார்கள். வியாழக்கிழமை தோறும் சாக்கோடு குழியில் போட்டு எரிப்பார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை ஏழு மணிக்கு, ராத்திரி ஓவர்டைம் பார்த்துவிட்டு சைக்கிளில் வந்த எல்லப்பனை ஒரு டிரெய்லர் லாரி அடித்துவிட்டது. மறுநாள் மத்தியானம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொடுத்தார்கள்.

ஆயுத பூஜை அன்றைக்கு இந்தப் பக்கத்தில் பூ கிடைக்குமா, நீங்களே சொல்லுங்கள். கம்பெனிக் கம்பெனியாக மிஷினுக்கு மாலை, கேட்டுக்கு மாலை, லாரிக்கு மாலை, பஸ்ஸுக்கு மாலை. கொழுந்தன் குன்றத்தூர் வரைக்கும் போய் அலைந்துவிட்டுத் திரும்பி வந்தான். ரெண்டே ரெண்டு ரோஜா மாலைதான் அகப்பட்டது, அதுவும் வாடினது. வழியில் இறைக்க ஒரு பிடி பூ இல்லை. பூ இறைக்காமல் பிணத்தைத் தூக்குவதா என்று பெரியவர்கள் முனகினார்கள்.

அப்போதுதான் தாயாரம்மாள் எங்கிருந்தோ மூன்று சாக்குப் பூவோடு வந்து இறங்கினாள். மஞ்சளென்றால் அப்படி ஒரு மஞ்சள். ஆண்கள் மளமளவென்று பாடையைச் சுற்றிக் கட்டினார்கள். மிச்சத்தை வழிக்கு வைத்துக்கொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கங்கம்மாள் அழவில்லை. தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அழுதுடுடி, அடைச்சிக்கினு போய்டும்," என்று பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். உலுக்கின பக்கம் ஆடினாள். அவள் கண் எல்லப்பனின் காதோரத்தில் இருந்தது. பூச்சரத்துக்கு நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டை தொங்கியது. பி ஏழு. அவளே எழுதி மாட்டின அட்டை. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தாயாரம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். தாயாரம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாடை கிளம்பியது. முச்சந்தி வரைக்கும்தான் பெண்கள் போகலாம். அங்கே நின்று மாரடித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அதற்கு அப்பால் ஏரிக்கரைச் சுடுகாடு வரை ஆண்கள்தான். பறைச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. ரோட்டில் மஞ்சளாகப் பூ கிடந்தது. கங்கம்மாள் அதை மிதிக்காமல் ஓரமாக நடந்து வீடு திரும்பினாள்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் ரோட்டோரத்தைப் பார்த்துவிட்டு அதைத்தான் பேசினார்கள்.

"பாத்தியாடி, அவன் மேல போட்ட பூ இன்னும் வாடாம கீது."

"சுடுகாட்ல மண்ணு மேல கூட அப்டியே கீதாம். எம் புருஷன் பாத்துட்டு வந்து சொல்றாரு."

"புண்ணியவான்மா. ஒரு சொல்லு அதட்டிப் பேசினது கெடையாது."

கங்கம்மாள் எல்லோருக்கும் இலை போட்டாள், தண்ணீர் வைத்தாள். காரியம் முடிந்த மூன்றாம் நாள் வேலைக்குப் போனாள். தேனீக்குக் கோடு போட்டாள். வட்டத்துக்குள் குனிந்து நடந்தாள். பதிவேட்டில் "வெளியே செடி உண்டா?" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினாள். வட்டத்துக்குள் இல்லைதான். ஊர் வட்டத்துக்கு வெளியே அரை மைலில் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் தாயாரம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா. எரிக்கப்போற பூதான. எரிக்கிறத எட்த்தா இன்னா தப்புன்னு நெனச்சிட்டேன். மாமா வெறும் பாடையில போறதான்னு மனசு கேக்கல."

"உம்."

"சார் கிட்ட சொல்லிடாதக்கா. வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க. எங்காளு வேற வூட்லயே குந்திகினு கீறாரு."

"சாப்புடு," என்றாள் கங்கம்மாள்.

கார்த்திகை பிறந்ததும் ரோட்டோரமெல்லாம் முளைத்தது. எல்லப்பன் வீட்டு வாசலிலிருந்து முச்சந்தி வரை ரெண்டு பக்கமும், வரிசை பிடித்து நட்ட மாதிரி. மார்கழியில் மொட்டு விட்டது. பூத்தது. பூத்தது வாடவில்லை. பெண்கள் பிடுங்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தார்கள், உடைந்த குடத்தில் வைத்தார்கள், எண்ணெய் டின்னில் வைத்தார்கள். மார்கழிக் கோலத்துக்கு நடுவில் சாணியில் செருகி வைத்த பூ மறுவாரமும் அப்படியே இருந்தது. கம்பெனிப் பையன்களுக்கு ரோட்டோரத்தில் இட்லி விற்கும் பாப்பம்மாள் கடை முன்னால் புதராகவே வளர்த்துவிட்டாள்.

யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. எல்லோரும் அதை எல்லப்பன் பூ என்றுதான் சொன்னார்கள்.

"ஏ, எல்லப்பன் பூ ரெண்டு பறிச்சிக்கட்டா?"

"உங்க வூட்ல எல்லப்பன் எத்தினி மொட்டு வுட்டுக்கீது?"

தெருவில் போகும்போது கங்கம்மாளின் காதில் இது விழும். பாப்பம்மாள் ஒரு நாள் அவளை நிறுத்தி, ஆவி பறக்கும் கையோடு கன்னத்தைத் தடவி, "பேர் சொல்ல ஒரு புள்ள இல்லியேன்னு கெடந்தியே கங்கா. பாத்தியா, ஊரே அவன் பேரச் சொல்லுது," என்றாள்.

கங்கம்மாள் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. பஞ்சு அடைத்த காதில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. ஆனால் அன்றைக்கு முச்சந்தியில் நின்று, செடிகளை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அதிலிருந்து தினமும் நின்றாள்.

தை பிறந்து ஒரு வாரம். சோதனைச் செடியைப் பார்வையிட டெல்லியிலிருந்து கமிட்டி வரப்போகிறது என்று தோட்டத்தில் ஒரே பரபரப்பு. மூன்று வருஷப் பதிவேடுகளையும் மேஜையில் அடுக்கினார்கள். வேலைக்குப் போகிற வழியில் பாப்பம்மாள் முறத்தில் ஏதோ காயவைத்துக்கொண்டிருந்தாள். கறுப்பாக, ஊசி ஊசியாக. செண்டுமல்லி விதை.

"எதுக்கு பெரிம்மா இது?"

"மணிமங்கலத்துல எம்மவள கட்டிக்குடுத்துக்கீறேனே. அவ மாமியாரூட்ல பூத்தோட்டம். வாடாத பூன்னதும் மாப்ள ஆலாப் பறக்கறாரு. ஞாயித்துக்கெழம வந்து எட்த்துக்கினு போறாங்க. பூக்கடைக்காரனுங்க கூட கேட்டுட்டானுங்க. எல்லப்பன் பூ மெட்ராசுக்கே போவப் போவுதுடி."

கங்கம்மாள் முறத்திலிருந்து ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

கமிட்டியில் நாலு பேர். கண்ணாடி போட்ட ஓர் அம்மாதான் தலைவி, நல்ல தமிழ் பேசினார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தாள்களைப் புரட்டினார்கள். இளம்பரிதிக்கு நெற்றியெல்லாம் வேர்வை. மூன்று வருஷத்தில் ஒரு விதை வெளியே போகவில்லை என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது. கடைசித் தாளில், வேலியைச் சுற்றி நடந்தவரின் கையெழுத்து வேண்டும். கங்கம்மாளைக் கூப்பிட்டார்கள். தாயாரம்மாள் கதவோரம் டீ டம்ளரோடு நின்றாள்.

"ஒரே கேள்விதான் கங்கம்மா," என்று இளம்பரிதி வாசித்துக் காட்டினார். "உங்களுக்குத் தெரிஞ்சு தோட்டத்திலிருந்து பூவோ விதையோ செடியோ வெளிய போனதுண்டா? இல்லைன்னா இங்க ஒரு கையெழுத்து."

பேனாவை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. கையெழுத்துப் போட்டால் தாயாரம்மாளின் வேலை போகாது. ஊர் வாயில் எல்லப்பன் பேர் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை விதை மணிமங்கலம் போகும். போனால் அதை எந்த வட்டம் நடந்து யார் பொறுக்குவது?

"போச்சு சார்," என்றாள். "மூணு சாக்கு."

அவள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். பி ஏழு.

"எப்ப?" என்றார் கண்ணாடி அம்மா.

"ஆயுத பூஜ அன்னிக்கு. எங்கூட்டுக்காரரு சாவுக்கு. நான்தாம்மா எட்த்தேன்."

இளம்பரிதி அவளையே பார்த்தார். "அன்னிக்கு நீங்க இங்க வரவே இல்லையே."

"வந்தேன் சார்."

"பொய் சொல்லுது சார் அது!" தாயாரம்மாள் டம்ளர்த் தட்டை ஜன்னலில் வைத்தாள், வைத்த வேகத்தில் டீ சிந்தியது. "பொணத்தாண்ட குந்திகினு இருந்தவ எப்டி சார் வந்து எடுப்பா? நான்தான் சார். கேட்டாண்ட எல்லாரும் பூஜையில இருந்தாங்க, எரிக்கிற பூதானன்னு எட்த்துக்கினு போனேன். ஏங்க்கா, உனுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

கங்கம்மாள் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. தோட்டத்தை நிறுத்த வேண்டியது, மொத்தத்தையும் எரிக்க வேண்டியது. பூ போன வழி முழுக்க ஒரு செடி விடாமல் பிடுங்கி, அந்த இடத்து மண்ணை ஒரு ஜாண் ஆழத்துக்கு எடுத்து, அதையும் சுட வேண்டியது. பிறகு ரெண்டு வருஷத்துக்கு, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அந்த வழியை நடந்து பார்க்க வேண்டியது. தாயாரம்மாளுக்குச் செடி பிடுங்கி முடிக்கிற வரைதான் வேலை. இளம்பரிதிக்கு என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாது. கமிட்டியின் கார் போன பிறகு அவர் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மேல கோவமா சார்?"

"கோவம் இல்ல கங்கம்மா. மூணு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மூன்று மாசம் முன்னால் அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் சாக்கோடு வீடு வீடாகப் போனார்கள். ஏன் எதற்கு என்று இளம்பரிதி ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். சிலர் கொடுத்தார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள்.

"நல்லாக் கீதே கத! முந்தா நேத்து வரைக்கும் பொட்டல்ல கெடந்தப்ப யாருக்கும் கண்ணு தெரியல. நாங்க தண்ணி ஊத்தி வளத்தா கம்பெனிக்காரன் சாக்கு எட்த்துக்கினு வந்துட்டான்."

"புருஷன் பேர்ல இருக்கற பூவ இவளே வந்து புடுங்கறா பாருடி. கல்லு மனசு."

கங்கம்மாள் டின்னைக் கவிழ்த்து, வேரோடு மண்ணோடு சாக்கில் போட்டாள். சாமி படத்தில் செருகியிருந்ததை எடுத்தாள். ஒரு சின்னப் பெண்ணின் ரெட்டைச் சடையிலிருந்து எடுத்தாள். பாப்பம்மாள் முறத்தை அப்படியே நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"செடிய நான் புடுங்க மாட்டேன் கங்கா. எனுக்குக் கை வராது."

"நீ வுடு பெரிம்மா. நான் எடுக்கறேன்."

"இத்தினி நாளா ஒரு பொட்டுக் கண்ணீர் வுடலியேடி நீ. இப்பவாவது வருதா?"

"வரல," என்றாள் கங்கம்மாள், புதரின் அடியில் கையை விட்டபடி.

மத்தியானம் முச்சந்திக்கு வந்து சேர்ந்தார்கள். தாயாரம்மாளும் மற்றப் பெண்களும் பழக்கத்தில் தாமாகவே நின்றுவிட்டார்கள். அங்கிருந்து ஏரிக்கரை வரை ரெண்டு பக்கமும் பார்த்தீனியம் இடுப்பளவு நின்றது. நடுநடுவே மஞ்சள்.

"இதுக்கு மேல ஆம்பளைங்களை அனுப்பறேன்," என்றார் இளம்பரிதி. "நீங்க திரும்பிடுங்க."

"அவங்களுக்குப் பூத்தது மட்டுந்தான் சார் தெரியும். மொளச்சது தெரியாது. பார்த்தீனியம்னு வுட்டுட்டு வந்துடுவாங்க."

"சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க போறதில்லன்னு..."

"போறதில்ல சார்."

சொல்லிவிட்டு அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். தாயாரம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "யக்கா, ஊரு இன்னா பேசும்?" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். கங்கம்மாள் குனிந்துவிட்டிருந்தாள். கிள்ளினாள், நசுக்கினாள், மோந்தாள், பிடுங்கினாள். பத்தடிக்கு ஒருமுறை குச்சி நட்டாள். எல்லப்பனை ஆண்கள் அரை மணி நேரத்தில் தூக்கிக்கொண்டு போன வழி அவளுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. ஓர் இடத்தில் செடி கும்பலாக முளைத்திருந்தது. அங்கே தோள் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போனாள்.

ஏரிக்கரைக்குக் கீழே ஏழெட்டு மேடுகள் இருந்தன. சிலது மழையில் கரைந்து தரையோடு தரையாகக் கிடந்தன. எல்லப்பனைப் புதைத்த இடம் எது என்று அவளுக்கு யாரும் காட்டினதில்லை. காட்ட வேண்டியதும் இல்லை. ஒன்று மட்டும் தலையிலிருந்து கால் வரை மஞ்சள் மூடிக் கிடந்தது. தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன.

கங்கம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நீளம் அவ்வளவுதான். அவன் உயரம்தான். கால் மணி நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இளம்பரிதி தள்ளியே நின்றார்.

பிறகு சாக்கின் வாயை விரித்து வைத்துக்கொண்டு, கால்மாட்டிலிருந்து ஆரம்பித்தாள். பெரிய செடிகளை ரெண்டு கையாலும் அடியில் பிடித்து, மண் உதிராமல் மெல்லத் தூக்கினாள். வேர் ஆழமாகப் போகவில்லை. பாதி மேடு வெறும் மண்ணாக வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

"மண்ணு ஒரு ஜாண் எடுக்கணுமா சார்?"

"எடுக்கணும் கங்கம்மா."

"ஒரு ஜாண் பரவால்ல. ஆழமாத்தான் வச்சிருக்காங்க." அவள் கையை விரித்து மண்ணில் வைத்து அளந்து பார்த்தாள். "ஏரி மண்ணு நாலு கூடை வெட்டியாரச் சொல்லுங்க. எடுத்த எடத்துல போட்டு மூடணும். பள்ளமா வுடக் கூடாது."

"நானே கொண்டுவரேன்," என்றார் அவர். அவள் முதுகுக்குப் பின்னால், என்ன செய்வதென்று தெரியாமல், ஓரடி நெருங்கி வந்து நின்றார்.

தலைமாட்டில் முளைத்து ரெண்டு நாளான செடிகள் இருந்தன, நூல் கனத்தில். கங்கம்மாள் குனிந்து கண்ணைச் சுருக்கினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்," என்றாள். "உங்க நெழல் விழுது. பொடிச் செடி தெரிய மாட்டேங்குது."